மண்ணுக்குள் வரலாறு – 11: பீட்ரூட் வயலுக்கு அடியில் இருந்த ஊர்

பானை ஓடு, பாசிமணி, காசு, எலும்பு என்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்றுகளைப் பற்றியே இந்தத் தொடரில் இதுவரை பேசிவந்தோம். அகழாய்வுக் குழியில் இவற்றைப் பொறுக்கி எடுத்த பிறகு மண்ணைச் சலிப்பார்கள். சல்லடையில் தங்குவது பைக்குள் போகும். கீழே விழுவது குழிக்கு வெளியே குவியும். அந்த வெறும் மண்ணிலும் ஓர் ஊரின் தடம் இருக்கிறது, அதைச் சோதனைக்கூடத்தில் அளக்க முடியும் என்று எடுத்துக்காட்டியவர் தொல்லியலாளர் அல்லர். சர்க்கரை ஆலைக்காக மண் சோதித்துக்கொண்டிருந்த ஒரு சுவீடன்காரர்.

ஆலைக்காக எடுத்த மண்

ஓலோஃப் அர்ரேனியஸ் 1895-ல் பிறந்தவர். தந்தை ஸ்வாண்டே அர்ரேனியஸ், 1903-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி சூடேறும் என்று 1896-லேயே கணக்குப் போட்டவர். மகன் செடி, மண் என்று வேறு பக்கம் திரும்பினார். நிலப்பரப்பு விரிய விரிய அதில் காணப்படும் தாவர இனங்களின் எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்பதற்கு 1921-ல் அவர் எழுதிய சூத்திரத்தைச் சூழலியல் படிப்பவர்கள் இன்றும் அவர் பெயரோடுதான் படிக்கிறார்கள்.

சுவீடனின் தென்கோடியில் இருக்கிறது ஸ்கோனே. சமதளமான, வளமான மாகாணம். சர்க்கரை எடுக்கும் வெள்ளை பீட்ரூட் அங்கே முக்கியமான பயிர். பீட்ரூட் நன்றாக விளைய மண்ணில் பாஸ்பேட் போதுமான அளவு இருக்க வேண்டும். எந்த வயலுக்கு எவ்வளவு உரம் போடுவது என்பது உழவருக்கும் கேள்வி, கிழங்கை வாங்கும் ஆலைக்கும் கேள்வி. 1920-களில் அந்தக் கேள்விக்காகத்தான் அர்ரேனியஸ் ஸ்கோனே முழுக்க மண் மாதிரிகளைச் சேர்த்துச் சோதித்தார்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. மண்ணை 2 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, அதில் இறங்கிவரும் பாஸ்பேட்டை அளப்பது. செடியின் வேரும் மென்மையான அமிலங்களைக் கசியவிட்டே மண்ணிலிருந்து சத்தை எடுக்கிறது என்பதால், பயிருக்கு எட்டக்கூடிய அளவு எவ்வளவு என்று இதில் தெரிந்துவிடும். 100 கிராம் காய்ந்த மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார்.

வரைபடம் நிரம்பியபோது பெரும்பாலான இடங்களில் பாஸ்பேட் குறைவாகவே இருந்தது. நடுநடுவே சில இடங்களில் மட்டும் திடீரென்று எகிறியது. பாறை வகையோ நிலத்தின் சரிவோ அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. பழைய குடியிருப்புகள் இருந்த இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் விடை வந்தது. பாஸ்பேட் எகிறிய இடங்களில் ஒரு காலத்தில் ஊர்கள் இருந்திருக்கின்றன. சுவர் இல்லை, மேடு இல்லை, மேலே பீட்ரூட் விளைகிறது. ஆனால் மண் தன் கணக்கை விடவில்லை. மண் பகுப்பாய்வு தொல்லியலுக்கு எப்படிப் பயன்படும் என்று 1931-ல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் கோட்லாண்ட் தீவில் வால்ஹாகர் என்ற இரும்புக்கால ஊர் அகழப்பட்டபோது, அதன் 1955-ஆம் ஆண்டு அறிக்கையில் தீவின் மண்ணைப் பற்றி எழுதும் வேலை அவரிடம்தான் வந்தது.

இந்தக் கதையில் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அர்ரேனியஸிடம் பாஸ்பேட் எண்கள் மட்டும் இருந்திருந்தால், அவை விளங்காத எண்களாகவே இருந்திருக்கும். பழைய ஊர் எங்கே இருந்தது என்பது ஏற்கெனவே சில இடங்களிலாவது தெரிந்திருந்ததால்தான் எண்ணுக்குப் பொருள் கிடைத்தது. இந்த அறிவியல் அடுத்த 90 ஆண்டுகளில் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியும் இதே வழியில்தான் நடந்தது.

போகாத பொருள்

மண்ணில் எத்தனையோ தனிமங்கள் இருக்க, ஏன் பாஸ்பரஸ்?

உயிருள்ள எதிலும் பாஸ்பரஸ் உண்டு. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம். அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். தானியம், பருப்பு, மீன், இறைச்சி, பால் என்று நாம் உண்பவை எல்லாவற்றிலும் இருக்கிறது. வளர்ந்தவரின் உடம்பில் அது மேலும் சேர்வதில்லை. போன அளவு வெளியே வந்துவிடும். நாளொன்றுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் வாழும் சிற்றூரில் ஆண்டுக்கு 36 கிலோ ஆகிறது. அந்த ஊர் 300 ஆண்டுகள் நிலைத்தால் மனிதக் கழிவிலிருந்து மட்டும் 10 டன்னுக்கு மேல். மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, அடுப்புச் சாம்பல், மீன் முள், மக்கிய கூரை, புதைத்த உடல் எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஒரு பகுதி எருவாக வயலுக்குத் திரும்பும் என்பது உண்மை. ஆனாலும் சுற்றியுள்ள வயல், காடு, ஆறு எல்லாவற்றிலிருந்தும் விளைந்ததும் பிடித்ததும் ஊர் என்ற சிறு பரப்புக்குள் வந்து சேர்கின்றன. அவற்றோடு பாஸ்பரஸும் அங்கே குவிகிறது.

நைட்ரஜனும் இதே வழியில்தான் வருகிறது. ஆனால் தங்குவதில்லை. நைட்ரேட்டாக மாறி மழைநீரோடு இறங்கிவிடும். மிச்சம் வாயுவாகிக் காற்றோடு போகும். பொட்டாசியம் நீரில் கரைந்து மெல்ல மெல்லக் குறையும். சுண்ணாம்பை அமிலத்தன்மையுள்ள மண் கரைத்துவிடும். பாஸ்பேட் அப்படியல்ல. அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் இறுகிப் பிணைந்துகொள்கிறது. பிணைந்த பிறகு நீரில் எளிதில் கரையாது, காற்றில் கலக்காது. மண்ணே அரித்துக்கொண்டு போனால் உண்டு. இல்லையென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விழுந்த இடத்தை ஒட்டியே கிடக்கும்.

இந்த இரண்டு குணங்களும் ஒன்றாகச் சேர்ந்த தனிமம் அரிது. மனிதர் இருக்கும் இடமெல்லாம் விழ வேண்டும். விழுந்த பிறகு நகரவும் கூடாது. அதனால்தான் இந்தத் துறையின் முதல் அரை நூற்றாண்டு முழுக்கப் பாஸ்பேட்டின் கதையாகவே இருக்கிறது.

உழவர் முதலில் அறிந்தார்

வேதியியலாளர் அளப்பதற்கு முன்பே உழவர் இதை மகசூலில் கண்டிருந்தார்.

எகிப்தில் நைல் கரையை ஒட்டிப் பழைய ஊர்கள் மேடுமேடாகக் கிடந்தன. பச்சைச் செங்கல் வீடு இடிந்து, அதன்மேல் வீடு கட்டி, அதுவும் இடிந்து, குப்பையும் சாம்பலும் சாணமும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த மேடுகள். அந்த மண்ணுக்கு செபாக் என்று பெயர். மழை மிகக் குறைந்த நாடு என்பதால் நைட்ரேட்கூடக் கரைந்து போகாமல் நின்றது. கிராமத்தார் கழுதைமேல் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பயிர்ப் பரப்பு பெருகியதும் தேவையும் பெருகியது. சில மேடுகளில் மண் அள்ளுவதற்கென்றே சிறு தண்டவாளம் போட்டார்கள்.

1887-ல் அமர்னாவில் செபாக் தோண்டிய ஓர் ஊர்ப்பெண்ணுக்குக் களிமண் பலகைகள் கிடைத்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அங்கிருந்து மொத்தம் 380-க்கும் மேற்பட்ட பலகைகள் வெளிவந்தன. கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் பாபிலோன், மித்தானி, கானான் பகுதி ஆட்சியாளர்களுக்கும் எகிப்திய அரசவைக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து அது. இன்றைய அருங்காட்சியகங்களில் இருக்கும் கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் பலவும் செபாக் தோண்டியவர்கள் கையில் அகப்பட்டவையே. கிடைத்தவற்றுக்குச் சமமாக அழிந்ததும் உண்டு. ஃபையூம் பகுதியில் கரானிஸ் என்ற ஊரை மிச்சிகன் பல்கலைக்கழகம் 1920-களில் அகழத் தொடங்கியபோது, அதன் நடுப்பகுதி எருவாகி வயலுக்குப் போயிருந்தது.

வட இத்தாலியிலும் இதே கதைதான். போ ஆற்றுச் சமவெளியில், எமிலியா பகுதியில், கறுத்த வளமான மண் மேடுகளை வெட்டி உரமாக விற்றுவந்தார்கள். 1860-களில் கியெரிச்சி, பிகோரினி, ஸ்ட்ரோபெல் ஆகிய மூவரும் அந்தக் குழிகளைத் துருவியபோதுதான், அவை வெண்கலக்கால ஊர்களின் மிச்சம் என்பது தெளிவாயிற்று. டெர்ரமாரே என்ற பெயரில் அவை இன்று பாடநூல்களில் இருக்கின்றன.

இரண்டு நாட்டிலும் நல்ல எரு கிடைத்த இடம் பழைய ஊர். அர்ரேனியஸ் செய்தது, உழவரின் அந்த அறிவை எண்ணாக்கியது. எண் வந்ததும், ஊரை அழிக்காமலே ஊரைக் கண்டுபிடிக்கும் வழியும் வந்தது.

வயலிலேயே தெரியும் நீலம்

சோதனைக்கூடத்துக்கு மண்ணை அனுப்பி வாரக்கணக்கில் காத்திருந்தால் அகழாய்வாளருக்கு உதவாது. எங்கே குழி போடுவது என்பது இன்றே தெரிய வேண்டும். ஜெர்மனியில் உருவான ஒரு துளிச்சோதனையைச் செப்பனிட்டு, களத்திலேயே செய்யக்கூடியதாக 1973-ல் வெளியிட்டவர் ராபர்ட் எய்ட். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் புவியியல் பேராசிரியர். தென் அமெரிக்காவில் புதிய குடியேற்றங்களை ஆராய்ந்தவர்.

வடிதாளின் நடுவில் ஒரு சிட்டிகை மண்ணை வைக்க வேண்டும். அதன்மேல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட் கரைசலை இரண்டு துளி விட வேண்டும். அமிலம் பாஸ்பேட்டை இளக்கும். மாலிப்டேட் அதைப் பற்றிக்கொள்ளும். அரை நிமிடம் பொறுத்து வைட்டமின் சி கரைசல் இரண்டு துளி. பாஸ்பேட் இருந்தால் மண்ணைச் சுற்றித் தாளில் நீல வளையம் விரியும், அதிலிருந்து கதிர்கள் நீளும். நீலம் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு விரைவில் வந்தது, கதிர் எவ்வளவு நீளம் என்று பார்த்து மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். ஒரே நாளில் கட்டம்கட்டமாக ஒரு நிலத்தையே சோதித்துவிடலாம்.

ஊருக்குச் சற்று வெளியே, மனிதர் குடியிருந்திராத இடத்திலிருந்தும் மண் எடுத்து ஒப்பிட வேண்டும் என்பது இதில் மீறக்கூடாத விதி. பாறைக்குப் பாறை இயற்கையான பாஸ்பேட் அளவு மாறும். எண் பெரிதா சிறிதா என்பது பக்கத்து நிலத்தை வைத்துத்தான் தெரியும்.

இந்த அளவில் ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: இங்கே ஆள் இருந்தார்களா? அடுத்த கேள்வி கடினமானது: இருந்தவர்கள் என்ன செய்தார்கள்?

அடுப்படியில் படித்த பாடம்

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களில் முன்னோடி, மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் பார்பா. பழங்கால வீட்டின் தரையைப் படிக்க வேண்டுமானால் முதலில் இன்று ஆள் புழங்கும் வீட்டின் தரையைப் படிக்க வேண்டும் என்று அவர் கருதினார். த்லஸ்காலா மாநிலத்தில் ஷிலோஷோசித்லா என்ற ஊரில் ஒரு வீட்டைத் தேர்ந்துகொண்டார். மண் தரை வீடு. வீட்டார் தொழிலாகவே சோள ரொட்டி சுட்டு வந்தார்கள்.

அந்த ரொட்டி செய்யும் முறையே வேதியியலுக்கு வசதியானது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அரைத்து, கல்லில் சுடுவார்கள். அடுப்பைச் சுற்றிச் சாம்பல் விழும், சுண்ணாம்பு நீர் சிந்தும். எந்த மூலையில் யார் என்ன செய்கிறார்கள் என்பதை வீட்டாரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, தரை முழுக்கச் சீரான இடைவெளியில் மண் சுரண்டி எடுத்தார்கள். பாஸ்பேட், கார்பனேட், காரத்தன்மை, புரதம், கொழுப்பு ஆகியவற்றை மலிவான துளிச்சோதனைகளால் பார்த்தார்கள். பார்பாவும் ஆகஸ்டின் ஒர்டிஸும் 1992-ல் வெளியிட்ட முடிவு தெளிவானது. அடுப்படியில் காரத்தன்மையும் கார்பனேட்டும் உயர்ந்திருந்தன. உணவு கையாளப்பட்ட இடத்தில் பாஸ்பேட் உயர்ந்திருந்தது. ஆட்கள் நடந்துபோகும் வழியில் எல்லாமே குறைவு.

துடைத்துப் பெருக்கிய தரையிலும் இது நடக்கும் என்பதுதான் இதன் பலம். பானையையும் அம்மியையும் வீடு மாறும்போது எடுத்துப்போய்விடுவார்கள். எலும்பை நாய் தூக்கிப்போகும். தரைக்குள் ஊறிய கஞ்சியையும் சுண்ணாம்பு நீரையும் யாரும் எடுத்துப்போக முடியாது. ஒரு பொருள் கிடந்த இடம் அது கைவிடப்பட்ட இடத்தைக் காட்டும். ஊறிய கறை அது புழங்கிய இடத்தைக் காட்டும்.

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு பார்பா குழுவினர் படித்த தரைகளில் பெயர்பெற்றது, மெக்சிகோ நகரின் நடுவே அஸ்டெக்குகளின் பெருங்கோயிலுக்கு வடக்கே இருக்கும் கழுகு மாளிகை. ஆளுயரக் கழுகு வீரர் சுடுமண் சிலைகள் கிடைத்ததால் அந்தப் பெயர். 1990-களில் லியோனார்டோ லோப்பெஸ் லுஹான் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. தரை சுண்ணச் சாந்து, நுண்துளைகள் நிறைந்தது, சிந்தியதை உறிஞ்சிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான புள்ளிகளில் மாதிரி எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வரைபடம் வரைந்தார்கள். எச்சங்கள் தரை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கவில்லை. பீடங்களின் முன்னும் தூபக் கலங்களைச் சுற்றியும் குவிந்திருந்தன. முட்களால் காதையும் காலையும் குத்தி இரத்தம் சிந்துவதும், கோபல் பிசின் புகைப்பதும், உணவு படைப்பதும் அஸ்டெக் வழிபாட்டில் உண்டு என்று 16-ஆம் நூற்றாண்டு ஏடுகள் சொல்கின்றன. இந்தக் கட்டடத்தில் அது எந்தெந்த இடத்தில் நடந்தது என்பதைத் தரை சொன்னது. இறப்புக் கடவுளான மிக்த்லான்தெகுத்லியின் இரண்டு சுடுமண் சிலைகளும் அங்கே கிடைத்தன. அவற்றின் தலையிலும் தோளிலும் இரத்தப் புரதத்தின் எச்சம் இருந்தது.

சாம்பல் மூடிய வீடும் வெறும் திடலும்

இன்றைய வீட்டின் பாடம் 1,000 ஆண்டுக்கு முந்தைய வீட்டுக்குப் பொருந்துமா என்று ஐயப்படுவது நியாயம். அதைச் சோதிக்க ஏற்ற இடம் எல் சால்வடோரில் இருந்தது. கி.பி. 600-ஐ ஒட்டி, லோமா கால்டெரா என்ற எரிமலை வாய் திடீரென்று வெடித்து, பக்கத்திலிருந்த செரேன் என்ற சிற்றூரைப் பல மீட்டர் சாம்பலால் மூடியது. மக்கள் கையில் எதையும் எடுக்காமல் ஓடிவிட்டார்கள். 1976-ல் தானியக் கிடங்கு கட்ட நிலத்தைச் சமன்படுத்தியபோது புல்டோசர் ஒரு வீட்டின்மேல் இடித்தது. 1978 முதல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பேய்சன் ஷீட்ஸ் அங்கே ஆராய்ந்தார். பானையில் பீன்ஸ், உத்தரத்தில் செருகிய கத்தி, வரிசையாக நட்ட செடிகளின் அச்சு என்று எல்லாம் அந்தந்த இடத்திலேயே இருந்தன.

எது எங்கே நடந்தது என்பது பொருள்களிலிருந்தே தெரிந்த ஊர் என்பதால், மண் வேதியியல் சொல்வது சரியா என்று அங்கே பார்க்க முடிந்தது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டெர்ரியும் அவர் மாணவர்களும் ஷீட்ஸுடன் சேர்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். உணவு சமைத்த, உண்ட, கழித்த இடங்களோடு பாஸ்பரஸும், வண்ணப்பொடியும் கைவினையும் சார்ந்த இடங்களோடு உலோகத் தனிமங்களும் ஒத்துப்போயின. இதற்குள் கருவிகளும் மாறியிருந்தன. பிளாஸ்மாச் சுடரில் மாதிரியை எரித்து அதன் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் கருவியால், ஒரே ஓட்டத்தில் பல தனிமங்களை அளக்க முடிந்தது. விறகுச் சாம்பலைப் பொட்டாசியமும் மக்னீசியமும் காட்டின. மாயர்கள் விரும்பிய சிவப்பு வண்ணமான சாதிலிங்கத்தைப் பாதரசம் காட்டியது.

இந்த முறை ஒரு பெரிய வரலாற்று வழக்கிலும் சாட்சி சொன்னது. மாயர்களுக்குச் சந்தை உண்டா? அரசர் கையால் பொருள் பங்கிடப்பட்டதா, மக்கள் கூடி விற்று வாங்கினார்களா? கோயில் நிற்கிறது, அரண்மனை நிற்கிறது. சந்தை வெறும் திடல்; தட்டிக் கூரையும் கூடையும் மக்கிப்போகும்; விற்ற சோளமும் மிளகாயும் எச்சம் வைக்காது. மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் சுஞ்சுக்மில் என்ற நகரம் மண்வளமே இல்லாத இடத்தில் நெருக்கமாகக் குடியேறிய நகரம். அத்தனை பேருக்கு வெளியிலிருந்து உணவு வந்திருக்க வேண்டும். அங்கே ஒரு திறந்த திடலைச் சந்தை என்று ஐயுற்ற புரூஸ் டாலின், டெர்ரி குழுவோடு சேர்ந்து அதன் மண்ணை எடுத்தார். ஒப்பிட ஒரு சந்தை வேண்டுமே? குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரில், தளம் போடாத மண்ணில் நடந்த சந்தையின் மண்ணையும் எடுத்தார்கள். 2007-ல் வெளியான ஒப்பீட்டில், இரண்டு இடத்திலும் பாஸ்பரஸும் துத்தநாகமும் ஒரே பாங்கில் மிக உயர்ந்திருந்தன. சுஞ்சுக்மில் திடலில் அவை பட்டைபட்டையாக ஓடின. கடை வரிசையும் நடைபாதையும் மாறி மாறி அமைந்ததுபோல. மாயர் பொருளாதாரம் பற்றிய பேச்சில் சந்தைக்கு இன்று கிடைத்திருக்கும் இடத்துக்கு இந்தத் திடலின் மண்ணும் ஒரு காரணம்.

ஏரிக்கு அடியில் ஒரு மக்கள்தொகைக் கணக்கு

பாஸ்பேட்டுக்கு ஒரு குறை உண்டு. ஆள் வாழ்ந்த இடமா, ஆட்டுக்கிடை போட்ட இடமா என்று அது பிரித்துச் சொல்லாது. அதற்குக் கரிமச் சேர்மங்களிடம் போக வேண்டும். மனிதக் குடலில் நுண்ணுயிரிகள் கொலஸ்ட்ராலைக் கொப்ரோஸ்டனால் என்ற ஸ்டனால் வகைப் பொருளாக மாற்றுகின்றன. புல் தின்னும் மாடு, ஆட்டின் சாணத்தில் செடிகளிலிருந்து வந்த வேறு ஸ்டனால்கள் மிகுந்திருக்கும். இவற்றின் விகிதத்தைக் கொண்டு யாருடைய கழிவு என்று பிரிக்கலாம். நீரில் எளிதில் கரையாத பொருள்கள் என்பதால் வண்டலில் நெடுங்காலம் நிற்கும்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் இருக்கும் கஹோகியா, மெக்சிகோவுக்கு வடக்கே ஐரோப்பியர் வருகைக்கு முன் எழுந்த மிகப் பெரிய ஊர். கி.பி. 1100 வாக்கில் உச்சத்தில் இருந்து, 1400-க்குள் வெறிச்சோடியது. ஊரில் விழுந்த கழிவு மழையோடு பக்கத்து ஹார்ஸ்ஷூ ஏரிக்குப் போயிருக்கிறது. ஏ. ஜே. வைட்டும் உடனிருந்தோரும் ஏரியின் அடிவண்டலைக் குழாயில் உருவி எடுத்து, அடுக்கு வாரியாகக் கொப்ரோஸ்டனாலை அளந்தார்கள். வீடுகளை எண்ணித் தொல்லியலாளர் முன்பே போட்டுவைத்திருந்த மக்கள்தொகைக் கணக்கோடு முதலில் அதை ஒப்பிட்டார்கள். ஏற்றமும் இறக்கமும் பொருந்தின. அதன் பிறகுதான் அடுத்த கேள்விக்குப் போனார்கள். அதே வண்டலில் இருந்த வெள்ளத்தின் தடத்தையும், கோடை மழை குறைந்ததற்கான அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்து, ஊர் சரிந்த காலமும் இவையும் ஒன்றையொன்று ஒட்டி வருவதை 2019-ல் வெளியிட்டார்கள்.

நம் தரையின் கணக்கு வேறு

ஸ்கோனேயில் பழைய ஊர்களின் இடம், த்லஸ்காலாவில் ஆள் இருக்கும் வீடு, செரேனில் சாம்பல் மூடிய வீடு, ஆன்டிகுவாவில் நடப்புச் சந்தை, கஹோகியாவில் முன்பே எண்ணிய வீடுகள். ஒவ்வொரு முறையும் தெரிந்த ஒன்றை அருகில் வைத்துத்தான் தெரியாத மண்ணைப் படித்திருக்கிறார்கள். தெரிந்த ஒன்று இல்லாத இடத்தில், எவ்வளவு நுட்பமான கருவியும் எண்களை மட்டுமே தரும்.

அப்படியானால் மெக்சிகோவில் படித்த பாடத்தை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. நம் மண் வீட்டில் தரையைச் சாணம் கொண்டு மெழுகுவார்கள். சாணத்திலேயே பாஸ்பேட் இருக்கிறது. அடுப்படி, கூடம், திண்ணை, வாசல் எங்கும் ஒரே சாணம். பாஸ்பேட் மிகுந்தது உணவு உண்ட இடம் என்று இங்கே சொன்னால், வீடு முழுக்கச் சாப்பாட்டுக் கூடமாகிவிடும். கார்பனேட் மிகுந்தால் அடுப்படி என்பதும் நிற்காது. வாசலில் சுண்ணாம்புக்கல் பொடியால் கோலம் போடும் வழக்கம் இருக்கிறது. இங்குள்ள தரைக்கு இங்குள்ள வீட்டில்தான் பாடம் படிக்க வேண்டும்.

அந்த வேலை இந்தியாவில் தொடங்கியிருக்கிறது. வட குஜராத்தில் மண்ணும் சாணமும் கொண்டு தரையமைத்த ஒரு வீட்டில், பார்சிலோனா ஆய்வாளர்களும் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அஜித்பிரசாதும் சேர்ந்து, தனிமங்களையும் செடிகளின் நுண் சிலிக்காத் துகள்களையும் இடம்வாரியாக அளந்து 2014-ல் வெளியிட்டார்கள். ஆள் புழங்கிய இடங்களைப் பிரித்தறியப் பாஸ்பேட் மட்டும் போதாத தரையில், பல சான்றுகளைச் சேர்த்துப் பார்ப்பதே வழி.

இதற்குக் காலம் அதிகம் இல்லை. சிமென்ட்டும் டைல்ஸும் வந்த வீட்டில் எதுவும் தரைக்குள் இறங்குவதில்லை. வயலிலும் நிலைமை அதுதான். ஜான் பென்னட் லாஸ் 1842-ல் சூப்பர் பாஸ்பேட்டுக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து மூட்டை மூட்டையாகப் பாஸ்பேட் மேல்மண்ணில் கொட்டப்படுகிறது. நம் வயலில் டி.ஏ.பி. என்ற பாஸ்பேட் உரம் விழாத ஆண்டு இல்லை. அர்ரேனியஸ் அன்று கண்டதுபோல ஊர் தனித்து எகிறித் தெரியும் வயல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. தமிழ்நாட்டில் அகழாய்வு நடக்கும் ஊர்களின் பக்கத்திலேயே சாணம் மெழுகிய தரையோடு சில வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டையாவது, வீட்டாரின் ஒப்புதலோடு, மூலைக்கு மூலை அளந்து வைத்துக்கொள்வது குழி தோண்டுவதற்கு இணையான வேலை. அகழாய்வைப் பத்தாண்டு தள்ளிப்போட்டாலும் பழைய ஊர் மண்ணுக்குள்ளேயே இருக்கும். அதைப் படிக்கத் தேவையான வீடு அதுவரை இருக்காது.

(அடுத்த இதழில்: பெல்லாரி, ராய்ச்சூர் பகுதிகளில் குன்றுகளைப் போல நிற்கும் சாம்பல் மேடுகள். எரிமலைக் கசடு, சுண்ணாம்புக் காளவாய், அரக்கரை எரித்த சிதை என்றெல்லாம் சொல்லப்பட்ட அந்த மேடுகள் புதிய கற்கால மாட்டுத் தொழுவங்களின் எரிந்த சாணம் என்பது, ராபர்ட் புரூஸ் ஃபூட் முதல் 1957-ல் உத்னூரில் மாட்டுக் குளம்பின் தடத்தைக் கண்ட ஆல்ச்சின் வரை எப்படித் தெளிந்தது என்று பார்ப்போம்.)